ஷைனியின் முழங்கை

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது நாள். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள் பீரியட் முடிந்துவிட்டது. பி.டி. டீச்சர் என்றால் விசில் ஊதிவிட்டு நிழலில் உட்காருகிறவள் என்று நினைக்கும் சக ஆசிரியைகள் ஒரு நாள் என் தொண்டையைக் கடன் வாங்கிப் பார்க்கட்டும்.

சாயங்காலம் பொருநை மகளிர் பேஸ்பால் கிளப்பில் இந்த வருடப் பயிற்சி ஆரம்பம். ஆகஸ்டில் திருச்சியில் தென்மண்டலக் கோப்பை. போன வருடம் முதல் ஆட்டத்திலேயே மூட்டையைக் கட்டினோம். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். இந்த வருடமும் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் நிர்வாகம் கச்சிதமாகச் செய்திருக்கிறது. செயலாளர் அதே பாத்திரக்கடை சிதம்பரநாதன் அண்ணாச்சி. கோச் அதே தங்கதுரை சார். சார் அந்தக் காலத்துக் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர். பேஸ்பாலுக்குக் கோச் தேடியபோது, பந்து மட்டை இரண்டையும் தொட்டவர் என்ற ஒரே தகுதியில் இவரைப் பிடித்துவந்தார்கள். இன்றுவரை எங்கள் கிளப்பில் பிட்சருக்குப் பெயர் பௌலர். முகமூடி மாட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, பிட்சரின் பந்தைப் பிடிக்கிற கேட்சராகிய எனக்குப் பெயர் கீப்பர்.

புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். சகாய ஷைனி. ஊர் உவரி. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். மாவட்டக் கிரிக்கெட் அணியில் இருந்தவளை, பந்தை வீசவில்லை, எறிகிறாள் என்று நடுவர்கள் நிறுத்திவிட்டார்களாம். அந்த ஆட்டத்தில் கையை நீட்டி வீச வேண்டும், முழங்கையை மடக்கி எறிந்தால் செல்லாது. அங்கே விரட்டினார்கள், இங்கே வந்துவிட்டாள். சார் அவளைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில், காம்பவுண்டுச் சுவர் பக்கம் நிறுத்தினார்.

யாரோ அடித்த பந்து சுவரில் முட்டி நின்றது. ஷைனி எடுத்து என்னைப் பார்த்து எறிந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பந்து வழக்கமாக மூன்று நான்கு தரம் குதித்து, களைத்துப்போய் என் காலடிக்கு வந்து சேரும். இது தரையைத் தொடவே இல்லை. மைதானம் முழுக்க ஒரே உயரத்தில் வந்தது. பாதி தூரம் வந்தபிறகு இன்னும் வேகம் கூடியதுபோல இருந்தது. அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் என் கண் அதைத்தான் பார்த்தது. கையுறையில் அது மோதிய சத்தத்துக்கு, பக்கத்துக் கோர்ட்டில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிவந்த எங்கள் பெண்ணை அவுட் ஆக்க வேண்டும் என்பதையே மறந்து பந்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தங்கதுரை சார் மெதுவாக நடந்து அவளிடம் போனார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“முழங்கை மடங்குது” என்றார்.

இடது கட்டைவிரல் கொஞ்சம் சுருக்கென்கிறது. ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

சிலிண்டர் வந்தது. தோசை மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்து கிடந்தது. துடைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

நான் கோபக்காரி என்று ஊருக்கே தெரியும். அதனால் இன்று பொறுமையாகத்தான் பேச ஆரம்பித்தேன்.

சார் ஷைனியின் வலது கையில் மர ஸ்கேல் ஒன்றை வைத்துக் கிரேப் பேண்டேஜால் சுற்றிவிட்டார். முழங்கை மடங்காமல் இருக்கவாம். அந்தக் கையோடு அவளை ஓடிவந்து வீசச் சொல்கிறார். காற்றாடி இறக்கை மாதிரி கையைச் சுற்றி அவள் வீசிய பந்து எனக்கு முன்னால் குதித்து, என் தலைக்கு மேல் போனது. முத்துப்பிரியா சிரித்துவிட்டாள். அவள் எங்கள் இரண்டாவது கேட்சர், எனக்கு முடியாதபோது உட்காருகிறவள். எனக்கு இதுவரை முடியாமல் போனதில்லை.

சாரிடம் போய், இந்த ஆட்டத்தில் மடக்கித்தானே எறிய வேண்டும், சட்டமே அதுதானே என்று கேட்டேன். அவருக்கும் அது தெரியும். பிட்சிங் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். எங்கள் பிட்சர் நிவேதா மடக்கி எறிந்தால் ஒன்றும் சொல்வதில்லை. அவளுடையது நிதானமான எறி, சாருக்கு அது உறுத்தவில்லை. ஷைனி எறியும்போது மட்டும், சூடுபட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

“தெரியும் டீச்சர். ஆனா அவ கை போற போக்கை ஒருநா எவனாவது தப்புன்னு சொல்லுவான். இப்பமே நேராக்கிட்டா நல்லது.”

எந்த ஆட்டத்தில் எவன் சொல்வான் என்று கேட்டேன். பயிற்சிக்கு வைத்த கூம்புகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 14, சனி

செயலாளர் வீட்டில் கூட்டம். கேசரி, மிக்ஸர், காபி. நிர்வாகத் திறமை என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கேசரியில் மட்டும்தான் இருக்கிறது.

பிட்சர்களின் வரிசையை அண்ணாச்சி வாசித்தார். முதலில் நிவேதா, அவள் அப்பா சீருடை வாங்கித் தருகிறவர். பிறகு கிளப்பில் சேர்ந்த மூப்புப்படி மூன்று பேர். கடைசியில் ஷைனி. பந்து எப்படிப் போகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தி பரிமாறுவதுபோல ஆளுக்கொரு இன்னிங்ஸ் பரிமாறுகிறார்கள். யார் மனமும் நோகக் கூடாதாம். தோற்றால் எங்கள் எல்லாருடைய மனமும் சேர்ந்து நோகுமே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

“வடிவு டீச்சர், நீங்க கேசரி எடுத்துக்கிடலியே” என்றார் அண்ணாச்சி.

நிவேதாவைக் குறைசொல்ல முடியாது. திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துவந்தவள், ஷைனிக்கு முன்னால் தன் பெயரை வாசித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று விடிந்ததும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஷைனியை வரச் சொன்னேன். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். குற்றாலச் சாரல் இங்கேவரை எட்டிப்பார்த்து, மண் லேசாக நனைந்திருந்தது. ஸ்கேல் கிடையாது, பேண்டேஜ் கிடையாது. உனக்கு வருகிறமாதிரி எறி என்றேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் இடது காலைத் தூக்கும்போது ஒன்றும் நடக்கப்போவதாகவே தெரியாது, பஸ்ஸுக்கு நிற்பவள் கால் மாற்றி நிற்பதுபோல இருக்கும். பிறகு இடுப்பு திரும்புகிறது, தோள் பின்தங்குகிறது, முழங்கை மடங்கிக் கடைசியில் வருகிறது, பந்து புறப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அது வந்துவிட்டது. கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் சாமி கும்பிடுவது சரஸ்வதி பூஜைக்கும் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கும்தான்.

கிரிக்கெட்டை விட்டு நிறுத்தியபோது அழுதாயா என்று கேட்டேன். அழவில்லையாம். அவள் அம்மாதான் அழுதாளாம். பேசும்போது வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்கிறாள். அது அவளுக்கே தெரிகிறதா என்று தெரியவில்லை.

“யக்கா, இது நெசமாவே தப்பு இல்லையா?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். திருச்சியில் இவள் இந்தக் கையோடு எறிய வேண்டும். அதற்குள் ஸ்கேலைக் கட்டிக் கட்டி இந்தக் கையைக் கொன்றுவிடுவார்கள். அதற்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

விரலுக்குத் தைலம் தடவினேன். பாத்திரம் கழுவ வீட்டுக்காரர் தளவாயைச் சொன்னேன். என்ன என்று கேட்டார். குழம்புக் கரண்டி விழுந்துவிட்டது என்றேன். மனிதர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டாம் தரம் பார்க்கிற பழக்கம். விரலை இரண்டாம் தரம் பார்த்தார்.

ஜூன் 28, சனி

காலைப் பயிற்சி விஷயம் எப்படியோ முத்துப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. தானும் வந்து ஷைனியின் பந்தைப் பிடித்துப் பழகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சின்ன உடம்புக்காரி. அடிபட்டால் அவள் வீட்டுக்கு யார் பதில் சொல்வது. தவிர, அவள் வீடு பேட்டையில், அவ்வளவு காலையில் பஸ் வசதி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். டவுன் பக்கம் வண்டி விடவில்லை. பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. விடுமுறை என்றால் எனக்கு மூன்று வாளித் துணி.

முத்துப்பிரியா மறுபடி கேட்டாள். ஸ்கூட்டர் வாங்கிவிட்டாளாம், இனி பஸ் பிரச்சினை இல்லையாம். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகட்டும் முதலில்.

ஜூலை 12, சனி

இன்று எனக்கு வந்த கோபத்தை இந்த டயரி தாங்காது.

நிவேதாவின் அப்பா கடையில் எங்களுக்குப் பாராட்டு விழா. போட்டிக்குப் போவதற்கு முன்பே பாராட்டிவிடுவது எங்கள் கிளப் வழக்கம், போய்வந்த பிறகு பாராட்ட ஒன்றும் இருக்காது என்பதால். பொன்னாடை, மாலை, போட்டோ. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஷைனியைப் பந்து எறிந்து காட்டச் சொன்னார் அண்ணாச்சி. அவருக்கும் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. வந்திருந்தவர்கள் ஆளாளுக்கு இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். மாமன் மச்சான் வந்தால் அவர்களுக்கும் இன்னொன்று. உடம்பைச் சூடுபண்ணக்கூட நேரம் தராமல், செருப்பு கிடந்த மண்ணில் நின்று, அவள் எறிந்துகொண்டே இருந்தாள். காட்சிக்கு முதல் ஆள், ஆட்டத்துக்குக் கடைசி ஆள். யானையைக்கூட இப்படி நடத்த மாட்டார்கள்.

எல்லாப் பந்தையும் நான்தான் பிடித்தேன். கைமாற்றிக்கொள்ளட்டுமா என்று முத்துப்பிரியா பக்கத்தில் வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். எத்தனை பிடித்தேனோ, ஒவ்வொன்றும் முதல் பந்து மாதிரியே வந்தது. கோபத்தின் நடுவிலும் வியந்துகொண்டிருந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

தங்கதுரை சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தை வேறு பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவராகவே எழுந்து, போதும் என்று சொல்லி அவள் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஐஸ் கட்டி கேட்டு வாங்கி, அவள் தோளில் துண்டைச் சுற்றி வைத்தார். அந்த அக்கறை இருக்கிறவர் ஏன் ஸ்கேலைக் கட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தளவாய் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டார். எக்ஸ்ரே எடுக்கலாமா என்றார். கரண்டி பட்டதற்கா எக்ஸ்ரே என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாட்டிக்கொண்டோம்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷைனி எறிந்துகொண்டிருந்தாள். பந்தைத் திருப்பிப் போட எழுந்தபோது கேட்டருகே தங்கதுரை சாரின் பழைய பைக். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஷைனி கையைத் துப்பட்டாவுக்குள் இழுக்கப் பார்த்தாள், ஆனால் ஆட்டச் சட்டையில் துப்பட்டா ஏது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நடக்க நடக்கக் கோர்த்துக்கொண்டேன். பக்கத்தில் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஷைனி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. குழந்தைகள் முதல்முதலாக ரயிலைப் பார்க்கும் முகம் அது, ஆனால் கூடவே வேறு ஏதோ இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

“அவ தோளு நோவுதுன்னு சொன்னாளா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலப் பயிற்சியில் ஸ்கேல் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அணிப் பட்டியல். ஷைனி மாற்று ஆட்டக்காரர்களில் கடைசி. சாரிடம் கேட்டால் அண்ணாச்சியைக் கேளுங்கள் என்கிறார். அண்ணாச்சியைக் கேட்டால் அடுத்த வருடம் என்கிறார். அடுத்த வருடம் இவள் உவரியில் கல்யாணமாகி மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள் என்று கத்தினேன். ஷைனி அங்கேயே நின்றிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஸ்கேல் போய்விட்டது, ஆனால் சாரால் இன்னும் அவள் கையில் பந்தைக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தயக்கத்தை யாரும் கட்டுப் போட்டு நேராக்க முடியாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி. திருச்சி

நேற்று முதல் ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்தோம், எதிரணி எங்களைவிட மோசம். இன்று அரையிறுதி. கொச்சியிலிருந்து வந்த அணி. ஆளுக்காள் மட்டையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, இவர்கள் கேசரி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லை என்று.

ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். நான்காவது முடிவதற்குள் நிவேதாவின் பந்தை நாலாபக்கமும் அடித்துவிட்டார்கள். அவர்கள் நான்கு, நாங்கள் மூன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. நிவேதா தானாகவே கோச்சிடம் போய், “சார், என்னால முடியல. ஷைனியக் கூப்பிடுங்க” என்றாள். அவள் அப்பா காரில் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே சொன்னாள். நல்ல பெண்.

சார் பந்தை வைத்துக்கொண்டு நின்றார். நடுவர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். நான் முகமூடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஷைனியின் உள்ளங்கையில் பந்தை வைத்து, தன் கையால் மூடினார்.

“உன் கைக்கு எப்பிடி வருமோ அப்பிடிப் போடு. தப்புன்னு இங்க ஒருத்தனும் சொல்ல மாட்டான்.”

எறிந்தாள்.

முதல் பெண் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. பந்து என் கையில் வந்தபிறகு திரும்பிப் பார்த்து, மலையாளத்தில் தனக்குத்தானே ஏதோ சொன்னாள். எனக்கு மலையாளம் தெரியாது, இருந்தாலும் புரிந்தது. அடுத்தவள் சுற்றினாள், பந்து போனபிறகு. அதற்கடுத்தவள் சிரித்துவிட்டாள். பயந்துபோய்ச் சிரிப்பதில்லையா, அந்தச் சிரிப்பு. அடுத்த ஆட்டத்துக்காகச் சுவரோரம் காத்திருந்த இரண்டு அணிகளும் எழுந்து எனக்குப் பின்னாலிருந்த பின்வலைக்கு வந்து நின்றன. இளநீர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நல்ல பந்தைச் சரியாக அடிக்காமல் விட்டால் அவுட். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் யாரும் அவள் பந்தைத் தொடவில்லை. அதற்குள் நாங்கள் இரண்டு ரன் எடுத்து ஐந்துக்கு நான்கு என்று முந்தினோம்.

கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். இடையில் ஒருத்தி எப்படியோ ஒட்டடை அடிப்பதுபோல மட்டையை நீட்ட, பந்து அதில் பட்டு எங்கேயோ போனது, அவள் இரண்டாவது பேஸில் நின்றாள். நான்கு பேஸையும் தொட்டு வந்தால் ஒரு ரன். இன்னும் ஒரே ஒரு அவுட். அடுத்த பந்து என் கையில் மோதியபோது கையுறையோடு கை கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கையுறை மட்டும்தான் கீழே கிடந்தது. எடுத்து மாட்டப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போகவில்லை. டேப் சுற்றுங்கள், ஆடுகிறேன் என்றேன். சார் என் கையைப் பார்த்தார், முத்துப்பிரியாவைக் கூப்பிட்டார்.

முத்துப்பிரியா கவசத்தின் வாரை இரண்டு தரம் மாற்றி மாட்டினாள். ஷைனியின் ஒரு பந்தைக்கூட அவள் பிடித்ததில்லை. பிடிக்க நான் விட்டதில்லை. நிர்வாகம் ஆட்களை வளர்க்கவில்லை என்று ஜூனிலிருந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், நான்.

முதல் பந்து அவள் தோளுக்கு மேலே பின்வலைக்குப் போனது. ஓட்டக்காரி மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டாள். இன்னொரு பந்து தவறினால் ஆட்டம் சமம். ஷைனி முத்துப்பிரியாவைப் பார்த்தாள். பாவப்பட்டு, கையை நீட்டி, மெதுவாக ஒன்றைப் போட்டாள். கொச்சிக்காரி அடித்த அடியில் அது கோட்டுக்கு வெளியே போய்ப் பந்தலில் விழுந்தது. ஒரு முழம் உள்ளே விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்தார். கீப்பரால் பிடிக்க முடியவில்லையே, நிவேதாவை இறக்குங்கள், அவள் பந்தென்றால் பிடிக்கலாம், அப்பாவும் வந்திருக்கிறார், முடிக்கிறபோது போட்டோவுக்கும் நன்றாக இருக்கும் என்றார். மூன்று வருடமாக இவர் பேச்சுக்குத் தலையாட்டியே பழகிய தங்கதுரை சார் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, அவ எறியட்டும்.”

கிளப்புக்குச் செயலாளர் யார் என்று அண்ணாச்சி கேட்டார். நீங்கள்தான், என்னை மாற்றுவதானால் ஆட்டம் முடிந்தபிறகு மாற்றுங்கள் என்றார் சார். குரலை உயர்த்தவே இல்லை.

அப்போதுதான் நான் முத்துப்பிரியாவைக் கை காட்டிக் கூப்பிட்டேன். ஒரு விஷயத்தை நான் இந்த டயரியில்கூட எழுதவில்லை. ஷைனியின் பந்தைத் தேடிப் போகக் கூடாது. அவள் நம் கையுறையைப் பார்த்துத்தான் எறிகிறாள். எங்கே வைக்கிறோமோ அங்கேயே வரும், இம்மி பிசகாது. கையை ஆட்டினால்தான் அடிபடும். இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

“ஏட்டி, கையை அசைக்காத. வச்ச எடத்துலயே வை. அது வரும். கண்ணை மட்டும் மூடிராத.”

“வருமாக்கா?”

“வரும்.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் முகமூடிக் கம்பிகளுக்கு இடையில் நேருக்கு நேராகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் இருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. அவள் காலைத் தூக்கினாள். கால்விரலில் ஆரம்பித்து, முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு வந்து, கடைசியில் அந்த மடங்கிய முழங்கையில் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த மடிப்பு மட்டும் இல்லையென்றால் மற்றது எல்லாம் வீண். சார் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியவில்லை.

“எனக்கு இருவத்தொண்ணு வயசு, டீச்சர். ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன் மேட்ச். நடுவர் ஒரு பக்கமா கையை நீட்டிட்டாவ, எறியுதான்னு. பொறவு எந்தக் கேப்டனும் எனக்குப் பந்து தரல. எங்கப்பா அந்தக் கையில கயிறு கட்டி ஜெபமெல்லாம் பண்ணிப் பாத்தாவ. இந்த வேகம் இவளுக்கு வந்த மாதிரிதான் எனக்கும் வந்துச்சு. இப்பிடி ஒரு ஆட்டம் இருக்குன்னு எங்கிட்ட ஒருத்தன் சொல்லலியே.”

பந்து போனது. முத்துப்பிரியா கையை அசைக்கவில்லை. சத்தம் கேட்டது. கொச்சிக்காரி மட்டையைச் சுற்றி முடித்து ஒரு காலில் நின்றாள். நடுவர் அவுட் என்று கை காட்டினார்.

முத்துப்பிரியா எழுந்திருக்கவில்லை. பந்து இருக்கிறதா என்று கையுறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள். ஷைனி மட்டும் நடந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். சார் எழுந்து அவளுடைய வலது முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. திருச்சி

இறுதிப்போட்டியில் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். ஷைனியை இறக்கவில்லை. நேற்று அவ்வளவு எறிந்த கைக்கு இன்று ஓய்வு வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். கோப்பையைக் கைக்கெட்டின தூரத்தில் விட்டதாக அண்ணாச்சி மைதானம் கேட்கக் கத்தினார். இன்னும் பத்து வருடம் எறிய வேண்டிய கை அது என்றார் சார். அண்ணாச்சிமேல் எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பரிதாபம் வந்தது. கோப்பைக்காக அவர் இதுவரை ஆசைப்பட்டதே இல்லை, ஆசை வந்த அன்றே கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எக்ஸ்ரே. கட்டைவிரலில் இரண்டு இடத்தில் முறிவு. ஒன்று புதிது. இன்னொன்று பழையது, கோணலாகச் சேர்ந்திருக்கிறதாம். இது எப்போது என்று டாக்டர் கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன்.

“ஜூன்லங்க” என்றார் தளவாய், பின்னால் நின்றபடி.

ஆகஸ்ட் 23, சனி

இடது கையில் மாவுக்கட்டு. சமையல் முழுக்க தளவாய்தான். இன்று ரசத்தில் புளி மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை.

கோச்சை மாற்றும் கூட்டம் கூட்டினார்கள். சார் போனால் நானும் போகிறேன் என்று நிவேதா அவள் அப்பாவிடம் சொன்னாளாம். கூட்டம் மிக்ஸரோடு முடிந்தது.

பயிற்சிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இனி எனக்கு அந்த இடம் இல்லை என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு வார ஓய்வுக்குப் பிறகு இன்றுதான் ஷைனி எறியப்போகிறாள். முத்துப்பிரியா கவசத்தை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யக்கா, இவ பந்தைப் பிடிக்கையில உங்களுக்குப் பயமா இருந்துச்சா?”

“ஒவ்வொரு பந்துக்கும்.”

“பொறவு ஏங்க்கா எனக்கு ஒண்ணுகூட விடல?”

சின்ன உடம்பு, பஸ் இல்லை, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. எல்லாப் பதிலும் என்னிடம் தயாராக இருந்தது. அவற்றைத் தள்ளிவைத்தேன்.

“அதைப் பிடிக்கையில, இப்பிடி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு தோணும்ட்டி. அதை இன்னொருத்திக்குக் குடுக்க மனசு வரல.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கேட்சரின் இடத்தில் உட்கார்ந்து, கையுறையை நெஞ்சுக்கு நேராக வைத்தாள். அது அசையவில்லை. ஷைனி எறிந்தாள். வாலிபால் பையன்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள்.

முத்துப்பிரியா பந்தைத் திருப்பிப் போடாமல் முகமூடியைத் தூக்கி என் பக்கம் திரும்பினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை எனக்கு உள்ளேயிருந்து நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து இன்றுதான் பார்த்தேன்.